கீசர் ப்ளக்கோடு தென்னாப்பிரிக்காவுக்கு

கடைகளிலும் இணையத்திலும் 'வேர்ல்டு அடாப்டர்' என்று விற்கிற அந்தச் சதுரப் பெட்டியை மட்டும் நம்பித் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பாதீர்கள். உலகம் முழுக்க வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் தள்ளினால் அமெரிக்காவின் தட்டைப் பின் வரும், பிரிட்டனின் செவ்வகப் பின் வரும், ஐரோப்பாவின் ஒல்லி உருண்டைப் பின் வரும், ஆஸ்திரேலியாவின் சாய்ந்த பின் வரும். ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ பக்கத்து நாடான நமீபியாவின் விண்ட்ஹுக்கிலோ சாதாரண விடுதி அறைச் சுவரில் இருக்கும் பெரிய ஓட்டைகளுக்கு இந்த நான்கில் ஒன்றும் பொருந்தாது.

பொருந்துகிற ப்ளக் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. குளியலறையில் கீசருக்கும், ஹாலில் ஏ.சி.க்கும் மாட்டியிருக்கிற தடித்த மூன்று பின் ப்ளக். எலக்ட்ரீஷியன்கள் 'பவர் ப்ளக்' என்றும் '15 ஆம்ப்ஸ்' என்றும் சொல்வது. தென்னாப்பிரிக்காவில் அன்றாடம் வீட்டில் பயன்படுவது பெரும்பாலும் அந்தப் பெரிய ப்ளக்தான். சர்வதேசப் பட்டியலில் இதற்கு எம் (M) வகை என்று பெயர். கரண்ட் பாயும் இரண்டு பின்களும் 7 மி.மீ. தடிமன், அவற்றுக்கு இடையே ஓர் அங்குல இடைவெளி, மேலே இருக்கும் எர்த் பின் கிட்டத்தட்ட 9 மி.மீ. தடிமன். நம் டிவிக்கும் மிக்ஸிக்கும் வருகிற சின்ன மூன்று பின் ப்ளக் டி (D) வகை. அதில் பின்கள் 5 மி.மீ.தான், இடைவெளியும் 19 மி.மீ.தான். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றின் துளையில் மற்றொன்று நிற்காது.

இந்தக் குழப்பத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'இந்தியா / தென்னாப்பிரிக்கா' என்று ஒரே அட்டையில் அச்சடித்து, உள்ளே டி வகைச் சின்னப் பின் வைத்து விற்கும் அடாப்டர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் சுவிட்ச் போர்டுகளில் ஐந்து துளையும் ஆறு துளையும் வைத்து, சின்னதும் பெரியதும் ஒரே பாயிண்டில் நுழைகிற மாதிரி வருகின்றன. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அங்கே இருக்கும் எம் பாயிண்டில் மூன்றே மூன்று பெரிய துளைகள். சின்னப் பின்னைச் செருகினால் தொளதொளவென்று ஆடும், பிடிப்பு இருக்காது, பொறி பறக்கும். வாங்கும்போது அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதை விடப் பின்னின் தடிமனைப் பார்ப்பது நல்லது.

வேண்டியது நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கிறது. 'கன்வர்ஷன் ப்ளக்' என்று கேளுங்கள். பின்பக்கம் 16 ஆம்பியர் என்று எழுதிய அதே பெரிய பின், முன்பக்கம் நம் சின்ன மூன்று பின்னும் டூ பின்னும் செருகுகிற துளைகள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, உள்ளே ஃப்யூஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பயணக் கடைகளில் விற்கும் பளபளப்பான பெட்டியை விட இது பல மடங்கு உறுதியானது.

ஒரே அளவு ப்ளக் சென்னையிலும் கேப் டவுனிலும் இருப்பது தற்செயல் அல்ல. 1934-ல் பிரிட்டன் வெளியிட்ட பி.எஸ். 546 என்ற தரநிலைதான் இரண்டுக்கும் மூலம். அதில் 2, 5, 15, 30 ஆம்பியர் என்று அளவு அளவாக உருண்டைப் பின் ப்ளக்குகள் இருந்தன. பேரரசின் ஊர்களில் மின்சாரம் பரவிய காலத்தில் இந்த உருண்டைப் பின்களும் கூடவே போயின. இந்தியா 5-ஐயும் 15-ஐயும் வைத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்கா 15-ஐ அன்றாடப் ப்ளக்காக ஆக்கிக்கொண்டது. போருக்குப் பிறகு பிரிட்டன் தன் வீடுகளைப் புதிதாகக் கட்டும்போது, 1947-ல், ஃப்யூஸ் உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் செவ்வகப் பின்னுக்கு மாறிவிட்டது. அங்கே பழைய உருண்டைப் பின் இன்று முக்கியமாக நாடக மேடை விளக்குகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கொடுத்தவர்கள் கைவிட்டதை வாங்கியவர்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெற்கு ஆப்பிரிக்காவில் எந்த நாட்டில் எந்தப் ப்ளக் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. யார் ஆண்டார்கள், எதுவரை ஆண்டார்கள் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். நமீபியா 1915 வரை ஜெர்மனியின் காலனி. ஸ்வகோப்முண்டில் இன்றும் ஜெர்மன் பேக்கரிகளும் தெருப் பெயர்களும் உண்டு. ஆனால் 1915-லிருந்து 1990 வரை நாட்டை ஆண்டது தென்னாப்பிரிக்கா. எனவே சுவரில் இருப்பது எம் வகை. ஜெர்மனியிலிருந்து வருகிற பயணி தன் மொழியில் காபி வாங்கிவிட்டு, போனுக்குச் சார்ஜ் போட அடாப்டர் தேட வேண்டியிருக்கும். லெசோத்தோவும் எஸ்வாட்டினியும் தென்னாப்பிரிக்காவை ஒட்டியே வாழும் நாடுகள், அங்கேயும் எம்தான். ஜிம்பாப்வே, சாம்பியா, மலாவி மூன்றிலும் பிரிட்டனின் 13 ஆம்பியர் செவ்வகப் பின். அங்கோலா போர்த்துகலிடம் இருந்தது, அதனால் ஐரோப்பிய டூ பின். மொசாம்பிக்கிலும் அடிப்படை அதுவே. ஆனால் தெற்கில் மபுட்டோ பக்கம் தென்னாப்பிரிக்கச் சரக்குகள் நிறைய வருவதால் எம் பாயிண்டுகளும் தென்படும். போட்ஸ்வானாதான் கலவை. ஒரே அறையில் ஒரு சுவரில் உருண்டைத் துளையும் இன்னொரு சுவரில் செவ்வகத் துளையும் இருக்கும்.

எல்லா இடத்திலும் 220-லிருந்து 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்மிடம் இருப்பதும் அதுவே. எனவே இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வோல்டேஜ் மாற்றும் கனமான கன்வெர்ட்டர் எதுவும் வாங்க வேண்டாம். யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் மட்டும் 120 வோல்ட்டுக்கென்றே செய்த ஹேர் ட்ரையரை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இப்போது இன்னொரு துளை வந்திருக்கிறது. 1986-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு ப்ளக்கை வடிவமைத்தது. சின்ன உருண்டைப் பின்கள் மூன்று, நடுப்பின் கொஞ்சம் விலகி இருக்கும், அறுகோண வடிவத்தில் கைக்கு அடக்கமான ப்ளக். ஐரோப்பா அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிரேசில் சில மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவும் எடுத்துக்கொண்டது. 2018-லிருந்து அங்கே புதிதாக வயரிங் செய்யும் கட்டடங்களில் ஒவ்வொரு பாயிண்டிலும் இந்த 'என்' (N) வகைத் துளை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் புதிய விடுதிகளில் பெரிய எம் துளைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறுகோணக் குழி தெரியும்.

நமக்கு இது பெரிய உதவி. போன் சார்ஜர்களில் வரும் ஒல்லியான 4 மி.மீ. டூ பின் அந்தக் குழியில் அடாப்டரே இல்லாமல் நேராகப் போய் உட்காரும். ஆனால் நம் லேப்டாப் கேபிளின் 5 மி.மீ. மூன்று பின் அதில் போகாது. போகவில்லையே என்று அழுத்தக் கூடாது. எனக்கு இந்த மாற்றம் உண்மையாகவே பிடித்திருக்கிறது. ஒரு நாடு தன் வீடுகளில் கோடிக்கணக்கில் இருக்கும் பெரிய ப்ளக்குகளை ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்லாமல், பக்கத்தில் புதியதற்கு ஓர் இடம் விட்டு, தலைமுறை தலைமுறையாக மாறட்டும் என்று பொறுமையாகச் செய்கிறது. நாற்பது ஐம்பது வருடம் ஆகலாம். ஆகட்டும்.

லேப்டாப்புக்கு அடாப்டரை விடச் சிறந்த வழி ஒன்று உண்டு. சார்ஜரின் நடுவில் இருக்கிற கறுப்புப் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், தனியாக வந்துவிடும். பெட்டிப் பக்கம் மூன்று வட்டங்கள் ஒட்டிய மாதிரி இருக்கும் முனையைக் கடைக்காரர்கள் 'மிக்கி மவுஸ்' என்கிறார்கள். அந்த முனையும் மறுபக்கம் தென்னாப்பிரிக்கப் ப்ளக்கும் உள்ள கேபிள் அங்கே கணினிப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை வாங்கி மாட்டினால் அடாப்டரே தேவையில்லை. எர்த் முறையாக இணைந்திருக்கும், சுவரிலிருந்து பாரம் தொங்கி ஆடாது. இதையே ஊரிலும் செய்யலாம். ஒரு பக்கம் அதே மிக்கி மவுஸ் முனையும் மறுபக்கம் 16 ஆம்பியர் பெரிய ப்ளக்கும் உள்ள கேபிள் கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

அங்கே போய் வாங்குவதானால் விமான நிலையத்தில் வாங்காமல், ஊருக்குள் செக்கர்ஸ், பிக் என் பே போன்ற சூப்பர் மார்க்கெட்டிலோ ஹார்டுவேர் கடையிலோ வாங்குங்கள், விலை நிறையக் குறையும். கேட்கும் வார்த்தை தெரிந்தால் வேலை சுலபம். நாம் ஜங்ஷன் பாக்ஸ் என்கிற நீளப் பெட்டிக்கு அவர்கள் 'மல்டிப்ளக்' என்பார்கள். இரண்டு பக்கத்தில் எர்த் பட்டை வைத்த வட்ட ஐரோப்பியப் ப்ளக்குக்கு 'ஷூக்கோ'. அங்கே விற்கும் மல்டிப்ளக்குகளில் எம் துளைகளோடு டூ பின் துளைகளும் சேர்ந்திருக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் நாலு அடாப்டர் வாங்குவதற்குப் பதில் ஒரு மல்டிப்ளக் வாங்கிவிட்டால் எல்லார் போனும் அதிலேயே ஏறிவிடும். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சிவப்பு நிறப் பாயிண்டுகளைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். யு.பி.எஸ். இணைப்பில் இருக்கும் கணினிகளுக்கும் கருவிகளுக்குமென்று ஒதுக்கியவை அவை. எர்த் பின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தனிப் ப்ளக் மட்டுமே அவற்றில் நுழையும்.

இப்போது எர்த் பற்றி. நம்மில் பலர் பாயிண்டின் மேல்துளையில் பேனா மூடியையோ டெஸ்டரையோ விட்டு மூடியைத் திறந்து, டூ பின்னைக் கீழே சொருகிப் பழகியவர்கள். ஜிம்பாப்வே, சாம்பியா விடுதிகளின் செவ்வகப் பாயிண்டுகளில் நம் ஊர்க்காரர்கள் இதைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதே, அது முதலில் உள்ளே போய் மூடியைத் திறந்த பிறகுதான் கரண்ட் இருக்கும் துளைகள் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான். குழந்தை விரலையோ கம்பியையோ விட்டாலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று யோசித்துச் செய்ததை ஒரு பேனாவால் ரத்து செய்கிறோம். ஈரக்கையோடு, தெரியாத ஊரில், பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்றுகூடத் தெரியாமல். பிரிட்டிஷ் வகை அடாப்டர் ஒன்று பையில் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

மலிவான வேர்ல்டு அடாப்டர்களில் எர்த் இணைப்பே இல்லாதவை நிறைய. உலோக உடல் கொண்ட எதையும், குறிப்பாக இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் அவற்றில் மாட்டவே கூடாது. நம் குடும்பங்கள் வெளிநாட்டுக்குப் போகும்போது சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போவது வழக்கம். சாதம் இல்லாமல் அப்பாவுக்கு ஆகாது, அது நியாயமான தேவை. 500, 600 வாட் குக்கர் என்றால் கன்வர்ஷன் ப்ளக் தாங்கும். 1500 வாட் கெட்டில் என்றால் கணக்குப் போடுங்கள்: 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் வரைக்கும் என்று எழுதிய அடாப்டரில் அதை மாட்டினால் சூடாகி உருகக்கூடும். தென்னாப்பிரிக்க விடுதி அறைகளில் டீ போட கெட்டில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள், அவர்கள் ப்ளக்கோடு. அதையே பயன்படுத்தலாம்.

ப்ளக் சரியாக இருந்தும் கரண்ட் இல்லாமல் போகிற ஊர் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவதை 'லோட் ஷெட்டிங்' என்கிறார்கள். 2007, 2008 வாக்கில் தொடங்கியது, 2023-ல் உச்சத்தைத் தொட்டது. எஸ்காம் என்ற அரசு மின் நிறுவனம் இதை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. ஒரு நிலைக்கு 1,000 மெகாவாட் வீதம் குறைப்பார்கள், ஆறாம் நிலை என்றால் 6,000 மெகாவாட். 2024 மார்ச் கடைசியில் நிறுத்தி, பத்து மாதம் போல வெட்டே இல்லாமல் ஓடி, 2025 தொடக்கத்தில் மறுபடி சில நாட்கள் வந்தது. இப்போது நிலைமை முன்பு மாதிரி இல்லை. இருந்தாலும் 'எஸ்காம்சேபுஷ்' என்ற செயலியைப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. தங்கியிருக்கும் பகுதியின் பெயரைக் கொடுத்தால் எப்போது போகும், எப்போது வரும் என்று காட்டும். அங்கே உள்ளவர்கள் கரண்ட் போனதும் டிவியையும் லேப்டாப்பையும் பாயிண்டிலிருந்து கழற்றிவிடுகிறார்கள், திரும்ப வரும்போது வோல்டேஜ் திடீரென்று எகிறும் என்பதால். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

வடக்கே சாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் காரணம் வேறு. இரண்டு நாடுகளும் ஜாம்பசி ஆற்றின் கரிபா அணையை நம்பியிருக்கின்றன. மழை பொய்த்தால் ஏரி இறங்கும், ஏரி இறங்கினால் விளக்கு அணையும். 2024-ல் வறட்சியைத் தேசியப் பேரிடராக சாம்பியா அறிவித்த சமயத்தில், சாதாரண மக்கள் நாளின் பெரும்பகுதியை மின்சாரம் இல்லாமல் கழித்தார்கள். விக்டோரியா அருவியைப் பார்க்கப் போகும் நாம் ஜெனரேட்டர் ஓடும் ஹோட்டலில் தங்கிவிடுவோம். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணி வீட்டில் விளக்கு இருக்காது. அங்கே அறையை விட்டு வெளியே போகும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போவது நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

என் அம்மாவோடு போனதால்தான் இவ்வளவையும் தோண்டித் தோண்டித் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொந்தரவு. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரம் இரவு முழுக்க ஓட வேண்டும். போனுக்குச் சார்ஜ் இல்லாவிட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. "நான் ஒருநாள் இல்லாம தூங்கிக்கறேன், அதுக்காகப் பயணத்தை நிறுத்தாத" என்றார். நிறுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு விடுதிக்கும் எழுதி மூன்று கேள்வி கேட்டேன். இரவில் ஜெனரேட்டரை நிறுத்துவீர்களா? கட்டிலுக்குப் பக்கத்தில் பாயிண்ட் இருக்கிறதா? கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அந்தப் பாயிண்டுக்கு வருமா? மூன்றாவது முக்கியம். பல இடங்களில் இன்வெர்ட்டரை விளக்குக்கும் வைஃபைக்கும் மட்டும் இணைத்திருப்பார்கள்.

போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ டெல்டாவின் உள்ளே இருக்கும் முகாம்களுக்கு மின்கம்பியே கிடையாது. சூரியத் தகடும் பேட்டரியும்தான். சில இடங்களில் கூடாரத்தில் பாயிண்ட் இருக்காது, பொது இடத்தில்தான் சார்ஜ் போட வேண்டும். ஹேர் ட்ரையர் மாதிரிச் சூடு உண்டாக்கும் எதையும் அனுமதிக்க மாட்டார்கள், ஒரே ஆள் மொத்த முகாமின் பேட்டரியையும் இறக்கிவிடலாம் என்பதால். அப்படிப்பட்ட இடத்துக்கு சிபேப்போடு போகிறவர்கள் தனி பேட்டரி எடுத்துப்போக வேண்டும். ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி நிறைய நேரம் தாங்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட்-ஹவர் என்ற அளவில் சொல்வார்கள்; விமானத்தில் 100 வாட்-ஹவர் வரையுள்ள பேட்டரி கைப்பையில் போகலாம். அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-ஹவர்தான், அதற்குச் சிக்கல் இல்லை.

காரை நாமே ஓட்டிச் சுற்றுவதானால், நமீபியாவில் பெரும்பாலானோர் அப்படித்தான் சுற்றுகிறார்கள், நாள் முழுக்க ஓடும் கார்தான் சிறந்த சார்ஜர். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் நல்ல யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்று இருந்தால் போனும் கேமராவும் சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். தென்னாப்பிரிக்கக் கூடார முகாம்களில் வெளியே கம்பத்தில் இருப்பது பெரும்பாலும் நீல நிறத் தொழிற்சாலை வகைப் பாயிண்ட். அவர்கள் அதைக் 'கேரவன் ப்ளக்' என்பார்கள். சுவருக்கான எம் ப்ளக் அதில் போகாது. வாடகை வண்டியோடு கூடாரமும் எடுப்பவர்கள் அதற்கான கேபிள் உள்ளே இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். 2021-ல் திறந்த கசுங்குலா பாலத்தின் வழியாகப் போட்ஸ்வானாவிலிருந்து சாம்பியாவுக்குள் போகிறவர்கள், அன்று ராத்திரியே செவ்வகப் பின் அடாப்டர் தேவைப்படும் என்பதால் அதைப் பெட்டியின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்தால் இன்னொன்று. அக்கம்பக்கமெல்லாம் வெளிச்சமாக இருந்து உங்கள் வீடு மட்டும் இருண்டுவிட்டால், ப்ளக்கையும் செயலியையும் பார்க்கும் முன் சமையலறைச் சுவரில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க வீடுகளில் பெரும்பாலும் ப்ரீபெய்டு மீட்டர்தான். யூனிட் தீர்ந்தால் தானே அணைந்துவிடும். சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் மீட்டர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால் 20 இலக்க எண் அச்சடித்த ரசீது தருவார்கள். அதை மீட்டரின் பொத்தான்களில் அடித்தால் கரண்ட் வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கும்போது மீட்டர் எங்கே இருக்கிறது, எத்தனை யூனிட் மிச்சம் என்று கேட்டு, மீட்டர் எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.